பாம்பனில் பகலில் தூங்கும் தெரு

காலாண்டு விடுமுறைக்கு இந்த முறை ஊட்டி, கொடைக்கானல் எதுவும் வேண்டாம் என்று, மதுரையில் ராமேஸ்வரம் ரயில் ஏறி பாம்பனிலேயே இறங்கிவிட்டோம். நான், மனைவி, ஆறாவது படிக்கும் மகள், இரண்டாவது படிக்கும் மகன். நண்பர் மூலம் அறிமுகமான ஒரு மீனவர் வீட்டு மாடி அறையில் நான்கு நாள் தங்கினோம். திரும்பி வந்ததிலிருந்து ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

பாம்பன் நம் எல்லோருக்கும் தெரியும். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலம், 1988 முதல் வண்டிகள் ஓடும் சாலைப் பாலம். அந்தச் சாலைப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி, கீழே நிற்கும் படகுகளைப் படம் எடுத்துவிட்டு, கோயிலுக்கும் தனுஷ்கோடிக்கும் கிளம்பிவிடுவோம். நானும் பலமுறை அப்படித்தான் போயிருக்கிறேன். அந்தப் படகுக்காரர்களின் வீடு எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

முதல் நாள் காலை பத்து மணிக்குத் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. காற்றுச் சத்தம், எங்கோ ஒரு கோழி, பக்கத்து வீட்டு வானொலியில் மெதுவாகக் கடல் ஓசை 90.4. மீனவர்களுக்காகவே பாம்பனில் 2016 முதல் ஒலிபரப்பாகும் நிலையம் அது. “என்ன அமைதியான ஊர்!” என்றாள் மனைவி. வீட்டுக்கார அக்கா காதில் அது விழுந்திருக்க வேண்டும். “ராத்திரியெல்லாம் தொழிலுக்குப் போயிட்டு இப்பத்தாம்மா படுத்திருக்காங்க” என்றார்.

இந்தக் கடலில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் 3 நாள், மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு என்று ஒரு முறை இருக்கிறது. அக்காவின் கணவர் நாட்டுப்படகுக்காரர். பிற்பகலில் கிளம்பி, இரவு முழுக்க வலை போட்டு, விடியும்போதுதான் கரைக்கு வருகிறார்கள். வலையிலிருந்து மீனைக் கழற்றி, ஏலம் முடித்து, வலையைக் கழுவிக் காயப்போட்டுவிட்டு வீடு வந்து சேர எட்டு, ஒன்பது மணி ஆகிவிடுகிறது. மீன்பாடு சரியில்லாத நாளிலும் இதே வேலைதான். அப்புறம்தான் தூக்கம்.

அன்று பதினோரு மணிக்கு ஒரு சுற்றுலா வேன் வந்து நின்றது. ஸ்பீக்கரில் முழுச் சத்தத்தில் பாட்டு. கரையில் கிடந்த வத்தை என்ற சிறு படகு மேல் ஏறி நின்று படம் எடுத்தார்கள். அக்காவின் கணவர் எழுந்து வாசலுக்கு வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார். “சொன்னா சண்டைக்கு வருவாங்க தம்பி” என்றார் அக்கா. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. நம் வீட்டில் இரவு இரண்டு மணிக்கு யாராவது வாசலில் வந்து பாட்டுப் போட்டால் சும்மா இருப்போமா?

அடுத்த நாள் என் மகனே காயப்போட்டிருந்த வலை மேல் செருப்போடு ஓடிவிட்டான். அக்கா திட்டவில்லை. அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அறுந்த கண்ணிகளைக் காட்டி, ஊசியில் நூல் கோத்துத் தைத்துக் காண்பித்தார். நாலைந்து கண்ணிக்கே கால் மணி நேரம் ஆனது. அதன்பிறகு எங்கே வலை கிடந்தாலும் அவன் சுற்றித்தான் போனான்.

மூன்றாம் நாள் சின்னப்பாலம் போனோம். மணலில் பழுப்பு நிறத்தில் ஏதோ காய்ந்துகொண்டிருந்தது. குப்பை என்று நினைத்தாள் மகள். அது பாசி. பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கிக் கடலுக்குள் மூழ்கிப் பாறையிலிருந்து பறித்து வருவது. நோன்பு நாட்களில் நம் முஸ்லிம் நண்பர்கள் வீட்டில் சாப்பிடுகிறோமே கடல்பாசி, அந்த அகர் இங்கே எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் எடுக்கப்படுகிறது. பாசி வளர வேண்டும் என்பதற்காக மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று இந்தப் பெண்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் காலங்காலமாகப் போய்வந்த தீவுகள் 1986-இல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள் வந்துவிட்டதால், அங்கே போவதே பயத்தோடுதான். கடலைக் காப்பாற்ற வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மாதத்தில் 18 நாள் தாங்களாகவே கையைக் கட்டிக்கொள்பவர்களிடம் கலந்து பேசாமல் எப்படிக் காப்பாற்ற முடியும்?

தனுஷ்கோடிக்கும் போனோம். 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயத்தைப் பிள்ளைகள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், அதில் கூலிக்குப் போகிறவர் வீட்டில் கையில் காசு இருக்காது. நாம் குடும்பம் குடும்பமாக ராமேஸ்வரம் தீவுக்குப் போவதும் சரியாக அந்தக் கோடை விடுமுறையில்தான். அந்தப் பணமோ பெரும்பாலும் லாட்ஜுக்கும் ஓட்டலுக்கும் போகிறது. வீட்டில் ஓர் அறையை ஒழுங்கு செய்து விருந்தாளிகளைத் தங்கவைக்க மீனவக் குடும்பங்களுக்கு அரசு கடன் கொடுத்தால் என்ன? எங்களுக்கு அக்கா வைத்த சூடை மீன் குழம்பையும் திருக்கைப் புட்டையும் எந்த ஓட்டலிலும் நான் சாப்பிட்டதில்லை. பணத்தை வாங்க மாட்டேன் என்றவரைக் கட்டாயப்படுத்தித்தான் வாங்க வைத்தோம். அப்படி வெட்கப்பட்டு வாங்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது. அது அவர்கள் உரிமையாகக் கேட்டு வாங்கும் வருமானமாக வேண்டும்.

கிளம்பும்போது அரையாண்டு லீவுக்கும் வருகிறோம் என்றேன். “அது வாடைக்காத்து நேரம், வடக்கே பெண் கடல் சீறிக்கிட்டு இருக்கும். ஆண் கடல் அடங்கிக் கிடக்கும். நம்ம ஆளுங்க தெக்கே தொழிலுக்குப் போவாங்க. பிள்ளைங்களையும் அந்தக் கரைக்கே கூட்டிட்டுப் போவோம்” என்றார் அக்கா. தீவுக்கு வடக்கே இருக்கும் பாக் விரிகுடாதான் அவர்களுக்குப் பெண் கடல், தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடா ஆண் கடல். இந்த முறை ஊசியில் தானே நூல் கோக்கப் போவதாக மகன் இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறான்.