கைப்பிரதிக்குக் கொட்டேஷன் கேட்டார்கள்

எங்கள் சபையில் கொஞ்ச நாளாக ஒரே பேச்சு, உலகளாவிய கைப்பிரதி ஊழியம்; அதாவது சுவிசேஷம் சொல்லும் சின்ன மடிப்புத் தாள்களை அச்சடித்து ஊர் ஊராகக் கொடுப்பது. முதலில் தமிழிலும் ஆங்கிலத்திலும், அப்புறம் இந்தி, தெலுங்கு, மலையாளம், அரபி என்று ஒவ்வொன்றாக. மொத்தம் பத்து லட்சம் பிரதி. வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் மூலமாக விநியோகம். பின்பக்கத்தில் சென்னை முகவரி. எழுதிக் கேட்கிறவர்களுக்குத் தபால் வழி வேதபாடம், அதாவது பைபிள் பாடம். திட்டத்தை வாசித்தபோது சிலருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு வந்தது கொட்டேஷன் கேட்டு ஒரு போன்.

ராயப்பேட்டையில் சின்னதாக ஓர் ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கன்வென்ஷன் நோட்டீஸ், கைப்பிரதி எல்லாம் என் மெஷினில் ஓடியிருக்கின்றன. புதன்கிழமை சாயந்திரம் பெரம்பூரில் ஒரு வீட்டு வேதபாடமும் நடத்துகிறேன். இரண்டு பக்கமும் கை வைத்திருக்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: திட்டத்தின் வரிசை தலைகீழாக இருக்கிறது. வேதபாடம் முதலில் வர வேண்டும். அது எத்தனை பேரைத் தாங்குமோ அந்த அளவுக்குத்தான் கைப்பிரதி.

காகிதக் கணக்கிலிருந்தே வருகிறேன். ஏ4 தாளை மூன்றாக மடித்தால் ஆறு பக்கக் கைப்பிரதி. 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ காகிதத்தில் அந்தத் தாள் ஒன்று ஏறக்குறைய 4.4 கிராம். பத்து லட்சம் என்றால் 4,400 கிலோ. ஆண்டர்சன் தெருக் காகிதக் கடைக்காரர் எழுந்து நின்று வரவேற்பார். எனக்கும் நல்ல ஜாப்தான். ஆனால் இந்தத் தொழிலில் ஒரு மயக்கம் இருக்கிறது. டிசைன், பிளேட், மெஷினைத் தயார்செய்கிற செலவு இதெல்லாம் ஆயிரம் பிரதிக்கும் உண்டு, பத்தாயிரம் பிரதிக்கும் உண்டு. அதனால் எண்ணிக்கை ஏற ஏற ஒரு பிரதியின் விலை சரிந்துகொண்டே போகும். கமிட்டிக்காரர்கள் விழுவது இந்த இடத்தில்தான். "இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டால் இவ்வளவு குறைகிறதே, போட்டுவிடலாமே!" விலை குறைகிற வேகத்தில் வாசிக்கிறவர்கள் கூடுவதில்லை. பண்டல் பிரிக்காமல் சர்ச் வெஸ்ட்ரி அறை அலமாரியில் கிடந்து, போன் நம்பர் மாறியதால் மேலே ரப்பர் ஸ்டாம்ப் அடித்து, கடைசியில் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போன கைப்பிரதிகள் எத்தனையோ. அச்சடித்துக் கொடுத்தவனுக்குத் தெரியாதா?

உடனே "அப்படியானால் கைப்பிரதியே வேண்டாமா, அண்ணே?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கிற முதல் புத்தகமே 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்'. மொத்தம் 16 பக்கம். இன்றைய கணக்கில் அது ஒரு கைப்பிரதிதான்.

தரங்கம்பாடிக் கதையை எல்லாரும் மேடையில் சொல்கிறார்கள். ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு 1706 ஜூலையில் வந்தார், அச்சகம் வைத்தார், புதிய ஏற்பாடு அச்சிட்டார் என்று மூன்று வரியில் முடித்துவிடுவார்கள். நடுவில் உள்ள வருஷங்களை யாரும் சொல்வதில்லை. வந்ததும் அவர் செய்தது திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதி அரிச்சுவடி படித்தது. பிறகு தமிழ் ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேகரித்து, 1708லேயே ஒரு பட்டியல் தயாரித்துவிட்டார். அச்சு இயந்திரம் லண்டனிலிருந்தும் தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்தும் வந்து தமிழ் அச்சு தொடங்கியது 1713இல். வந்த எழுத்து பெரிதாக இருந்தது, காகிதத்தைத் தின்றது. தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். பக்கத்தில் பொறையாறில் காகித ஆலையும் வைத்துப் பார்த்தார்கள். புதிய ஏற்பாடு முடிந்தது 1715இல். நாலு வருஷம் கழித்து, 36 வயதில் மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. அவரும் உடன் ஊழியர்களும் தமிழர்களுக்குக் கடிதம் எழுதிக் கேள்வி கேட்டார்கள். உங்கள் தெய்வம் என்ன, வழக்கம் என்ன, எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றெல்லாம். வந்த பதில்களை ஜெர்மனில் பெயர்த்து ஹாலேயில் அச்சடித்தார்கள். நம் ஆட்கள் அந்தக் கடிதங்களில் தயங்காமல் எதிர்க்கேள்வி போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் அச்சடித்துக்கொண்டே மறுபக்கம் கேட்டுக்கொண்டும் இருந்தார்கள். நம் பத்து லட்சம் திட்டத்தில் இந்தக் 'கேட்பது' என்ற பத்தியே இல்லை.

சென்னைக்கு அச்சு வந்த விதமும் வேடிக்கையானது. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்து ஓர் அச்சு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அது வேப்பேரியில் இருந்த மிஷனெரி பப்ரிசியுஸ் கைக்குப் போனது. அரசாங்க வேலைக்கு முதலிடம் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. (அன்றைக்கும் கவர்ன்மென்ட் ஜாப்தான் முதலில், நம் பிரதி அப்புறம்.) 1818இல் சென்னையில் துண்டுப்பிரசுரச் சங்கமே தொடங்கிவிட்டது. சந்தை, திருவிழா, சத்திரம் என்று கைப்பிரதி போகாத இடமில்லை.

போன இடங்களிலிருந்து பதிலும் வந்தது. யாழ்ப்பாணத்தில் மிஷனெரி பெர்சிவல் ஐயரோடு உட்கார்ந்து வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர் ஆறுமுக நாவலர். அவரே 1849இல் வண்ணார்பண்ணையில் சொந்த அச்சுக்கூடம் வைத்தார். 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' வெளியிட்டார். நம் வேதத்திலிருந்தே வசனம் எடுத்து நமக்கு மறுப்பு. 1880களில் சென்னையிலேயே இந்து துண்டுப்பிரசுரச் சங்கம் என்று ஒன்று உருவாகி, நம் பாணியிலேயே பிரசுரம் அடித்து வீதியில் கொடுத்தது. அப்புறம் சுயமரியாதைக்காரர்களின் சின்னச் சின்ன வெளியீடுகள். ஆக, இந்த ஊரில் கையில் ஒரு தாள் கொடுத்தால் வாங்குகிறவர் சும்மா வாங்குவதில்லை. நூற்றைம்பது வருஷ வாதத்தின் நடுவில் நின்றுகொண்டுதான் வாங்குகிறார். கேள்வி கேட்பார். கேட்டால் பதில் சொல்ல நம்மில் யார் இருக்கிறோம் என்பதுதான் என் கவலை.

வழக்கமாக வரும் மறுப்பு எனக்குத் தெரியும். "விதைப்பதுதான் நம் வேலை, ஐயா. முளைக்க வைப்பது ஆண்டவர் வேலை." மாற்கு 4ஆம் அதிகாரம். சரி, அதே அதிகாரத்தைத் தொடர்ந்து வாசியுங்கள். கூட்டத்துக்கு உவமையாகச் சொன்ன இயேசு, தனியே இருக்கும்போது சீஷர்களை உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கினார் என்று 34ஆம் வசனத்தில் இருக்கிறது. அப்போஸ்தலர் 8இல் அந்த எத்தியோப்பிய மந்திரி கையில் ஏசாயா சுருள் இருந்தது. அச்சடித்த கைப்பிரதியைவிடப் பெரிய பொருள். வாசிக்கவும் தெரியும். ஆனாலும் ஒருவர் சொல்லித்தராமல் எப்படிப் புரியும் என்றுதான் கேட்டார். சுவிசேஷகர் பிலிப்பு ரதத்தில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். நம் திட்டத்தில் சுருளுக்குப் பட்ஜெட் இருக்கிறது, பிலிப்புக்கு இல்லை.

இனி 'உலகளாவிய' என்ற பகுதி. இங்கேதான் எனக்குக் கோபமே வருகிறது.

வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் பெட்டியில் ஐம்பது நூறு பிரதி வைத்துக்கொண்டு போகட்டும் என்று கூட்டத்தில் ஒருவர் சர்வசாதாரணமாகச் சொன்னார். சவூதியிலோ அமீரகத்திலோ பிற மதப் பிரசுரத்தை விநியோகித்தால் என்ன ஆகும் என்று யோசித்தாரா? அடைக்கப்படுவதும் நாடு கடத்தப்படுவதும் அதைப் பெட்டியில் கொண்டுபோன நர்ஸ் பெண். கடன் வாங்கி அனுப்பிய குடும்பம் வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். தீர்மானம் போட்ட கமிட்டி ஃபேன் காற்றில் அடுத்த தீர்மானத்துக்குப் போயிருக்கும். சிங்கப்பூரில் 2009இல் ஒரு தம்பதிக்கு எட்டு வாரம் சிறை. முஸ்லிம்களுக்கு அவர்கள் மார்க்கத்தைப் புண்படுத்தும் கைப்பிரதிகளைத் தபாலில் அனுப்பியதற்காக. மலேசிய அரசியலமைப்பின் 11(4)ஆம் பிரிவு, முஸ்லிம்களிடையே பிற மதப் பரப்புரையைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது. நேபாளத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டப்படி ஒருவரை மதம் மாற்றினால் சிறை.

நம் நாட்டில் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. அது கொள்கையை எடுத்துச் சொல்லும் உரிமை, மற்றவரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்று 1977இல் உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. தமிழ்நாட்டில் 2002இல் மதமாற்றத் தடைச் சட்டம் வந்து 2004இல் விலக்கப்பட்டது. வட மாநிலங்கள் பலவற்றில் நிலைமை வேறு. இந்திப் பிரதியை யார் கையில் கொடுத்து எந்த ரயிலில் ஏற்றப்போகிறோம்? பயந்து ஒதுங்கச் சொல்லவில்லை. ஆபத்தை ஏற்றுக்கொள்கிறவர் தானே தெரிந்து ஏற்றுக்கொள்ள வேண்டும். அடுத்தவர் சூட்கேஸில் நாம் வைத்து அனுப்பக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து காணிக்கை வரும் என்கிறார்கள். எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டு நன்கொடையாக ஒரு ரூபாய் வாங்க முடியாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் டெல்லி ஸ்டேட் வங்கிக் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். இதை ஆடிட்டர் சொல்லட்டும், நான் விட்டுவிடுகிறேன்.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு வெளியே போய் ஊழியம் செய்வது புதிதில்லை. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கினார்கள். நம் காசு, நம் ஆட்கள். தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்குப் போனார்கள். போய்த் தெலுங்கு கற்று, அங்கேயே குடியிருந்து செய்தார்கள். அந்தச் சங்கம் உருவாக முன்நின்ற அசரியா, 1910 எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகள் முன்னால் நின்று, எங்களுக்காக உடலையும் பொருளையும் கொடுத்தீர்கள், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அன்று நம் ஆள் அவர்களைக் கேட்ட கேள்வியை நாளை ஒரு பீகார்க்காரரோ நேபாளியோ நம்மைக் கேட்கலாம். பதிலுக்கு மூன்று மடிப்புத் தாளையா நீட்டுவது?

தபால் வழி வேதபாடத்துக்கு வருகிறேன். அது அருமையான முறை. பாடம் வரும், கடைசியில் கேள்வித்தாள் இருக்கும், எழுதி அனுப்பினால் சிவப்பு மையில் திருத்தி, ஓரத்தில் இரண்டு வரி எழுதித் திரும்ப வரும். அந்த ஓரத்து இரண்டு வரிக்காகவே அடுத்த பாடத்தை எழுதியவர்கள் உண்டு. ஆனால் கணக்குப் போடுங்கள். பத்து லட்சத்தில் ஆயிரத்துக்கு ஒருவர் எழுதினாலே ஆயிரம் பேர். பத்துப் பாடம் என்றால் பத்தாயிரம் விடைத்தாள். அதுவும் ஆறு மொழியில். திருத்தப் போவது யார்? எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் ஞாயிறு பாடல் பயிற்சிக்கே ஆள் வருவதில்லை. பதில் வராத கடிதம் எழுதியவர் மனதில் என்ன ஆகும்? கல்யாணத்துக்கு அழைத்துவிட்டுப் பந்தியில் இலை போடாத கதைதான்.

புதன்கிழமை வேதபாடத்தில் நான் பார்த்தது இது. ஏழெட்டுப் பேருக்கு மேல் போனால் கேள்வி நின்றுவிடும், பிரசங்கம் தொடங்கிவிடும். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான், ஆனாலும் அவசரப்படாமல் போனால் மாதக்கணக்கில் ஓடுகிறது. ஒருவர் சத்தமாக வாசிப்பார். மற்றவர்கள் குறுக்கே கேட்கலாம். எங்களோடு உட்காருகிற எதிர்வீட்டுக்காரர் சர்ச்சுக்கு வருவதே இல்லை, நல்ல சிவபக்தர். இயேசு துரத்திய பிசாசுகள் புகுந்து பன்றிக் கூட்டம் கடலில் விழுந்த இடத்தில், அந்தப் பன்றிக்காரனுக்கு நஷ்டஈடு யார் கொடுத்தார் என்று கேட்டார். இன்றுவரை எனக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட கேள்வியைத் தாங்கும் குழு இருக்கிற தெருவில் கைப்பிரதிக்கு அர்த்தம் உண்டு. அதன் பின்பக்கத்தில் போட வேண்டியது அந்த வீட்டின் முகவரியும் கிழமையும் நேரமும்.

அதனால் நான் சொல்வது: வெளிநாட்டுக்குக் காகிதமே அனுப்ப வேண்டாம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், பாரிஸ் லா ஷப்பேலில், டொராண்டோ ஸ்கார்பரோவில் நம் சபைக் குடும்பங்கள் இருந்தால் அவர்கள் அங்கே நாலு பேரோடு வேதபாடம் தொடங்கட்டும். அந்த ஊர்ச் சட்டம் அவர்களுக்குத் தெரியும். அங்கே என்ன கேள்வி எழுகிறது என்று அவர்கள் எழுதி அனுப்பட்டும். அதற்கேற்ப உரையை அவர்களே எழுதி, அங்கேயே அச்சடிக்கட்டும். லே-அவுட் வேண்டுமானால் பிடிஎஃப் போட்டுத் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம். வேறு மொழியில் வேண்டுமானால் அந்த மொழிக்காரர் எழுத வேண்டும். கூகுளில் போட்டு எடுத்த அரபியை நான் பிளேட் போட மாட்டேன்.

சென்னைக்கு ஐயாயிரம் பிரதி போதும். உரையில் யார் சாமியையும் திட்டி ஒரு வரி இருக்கக் கூடாது. அப்படி வந்த மேட்டரை முன்பே திருப்பி அனுப்பியிருக்கிறேன், ஜாப் போனாலும் பரவாயில்லை என்று. வாட்ஸ்அப் நம்பர் போட்டால் அதை எடுத்துப் பேச ஆள் யார் என்று முதலில் பெயர் எழுத வேண்டும்.

கமிட்டி அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூடுகிறது. நான் கொண்டுபோவது ஐயாயிரத்துக்கான கொட்டேஷனும் ஒரு வெள்ளைத் தாளும். தாளின் தலைப்பு, 'விடைத்தாள் திருத்துகிறவர்கள்'. என் பெயரைத் தமிழுக்கு எழுதிவிட்டேன். இந்தி, தெலுங்கு, மலையாளம் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள், வாரத்தில் ஒரு சாயந்திரம் ஒதுக்க முடிந்தவர்கள் யாராவது இருந்தால் சனிக்கிழமைக்குள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.