அறுபது வருஷம் ஒரே ஆர்கன்

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெஸ்ஸியான் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் பாதிக்கு மேல் 1941 ஜனவரியில் போர்க்கைதி முகாமில் நான்கு பேர் வாசித்த அவருடைய ‘காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை’ என்ற படைப்பைப் பற்றித்தான், சரி, எழுத வேண்டியதுதான். ஆனால் மனுஷன் 22 வயதில், 1931இல், பாரிஸ் திரினிதே தேவாலயத்து ஆர்கன் (குழாய்களில் காற்றைச் செலுத்தி வாசிக்கும் பெரிய வாத்தியம்) முன்னால் உட்கார்ந்தவர், 1992இல் சாகும்வரை அந்தப் பொறுப்பை விடவில்லையே, அதற்கு ஒரே ஒரு வரியா? ஞாயிறு பூசைக்கு வாசிப்பார், அப்புறம் காடு மேடெல்லாம் அலைந்து பறவைகள் பாடுவதைக் காதால் கேட்டே இசைக்குறிப்பாக எழுதிக்கொண்டு வருவார். சார்ங்கதேவரின் பழைய சமஸ்கிருத இசை நூலான சங்கீத ரத்னாகரத்தில் வரும் 120 தேசி (வட்டார வழக்குத்) தாளங்களைப் படித்துத் தன் இசைக்குள் கொண்டுவந்தார் என்பதையும் காணோம். தாளம் போட்டு வளர்ந்த எனக்கு அவரிடம் முதலில் பிடித்ததே அதுதான்.