சிம்மாசனத்துக்கு அடுத்த படியில் நின்றவர்

சயாம் (இன்றைய தாய்லாந்து) இளவரசர் சக்ரபோங் என்றாலே எல்லோரும் சொல்வது ஒரே கதைதான். ரஷ்யாவுக்குப் படிக்கப் போனார், அங்கே ஒரு நர்ஸைக் காதலித்துக் கட்டிக்கொண்டார், ராஜாவான அப்பா கோபித்துக்கொண்டார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் ஏன் ரஷ்யாவுக்கு அனுப்பப்பட்டார் என்பதை விட்டுவிட்டுச் சொன்னால் பாதிக் கதை போய்விடுகிறது.

1893ல் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் சாவோ பிரயா ஆற்றுக்குள் நுழைந்து பாங்காக்கிலேயே வந்து நின்றன. லாவோஸ் கைவிட்டுப் போனது. மேற்கே பர்மாவில் பிரிட்டன், கிழக்கே இந்தோசீனாவில் பிரான்ஸ். நடுவில் மாட்டிக்கொண்ட அரசர் சுலாலங்கோர்ன், தன் பிள்ளைகளை ஐரோப்பியத் தலைநகரங்களுக்குப் பிரித்து அனுப்பினார். வஜிராவுத் இங்கிலாந்துக்கு, பரிபத்ரா ஜெர்மனிக்கு, சக்ரபோங் ரஷ்யாவுக்கு. பிரான்ஸின் கூட்டாளி ரஷ்யா; ஜார் இரண்டாம் நிக்கோலஸ் பட்டத்துக்கு வருமுன் பாங்காக் வந்து விருந்தாளியாக இருந்து போனவர். அவர் வீட்டில் ஒரு பிள்ளை வளர்ந்தால் பிரான்ஸ் கொஞ்சம் யோசிக்கும் என்பதுதான் கணக்கு. சொந்த மகனையே ராஜதந்திரத்துக்குக் காயாக நகர்த்தினார். நாடு பிழைக்க வேறு வழியும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

1898ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தபோது பையனுக்கு வயது 15. கூடவே பூம் என்ற சாதாரணக் குடும்பத்து மாணவர் ஒருவரும் போனார். இருவருக்கும் குளிர்கால அரண்மனையிலேயே ஜாகை. ராஜகுலப் பிள்ளைகள் படிக்கும் ராணுவப் பள்ளியில் சக்ரபோங் 1902ல் முதல் மாணவராகத் தேறினார். அப்புறம் ஜாரின் குதிரைப்படையில் அதிகாரி. பதினைந்திலிருந்து ரஷ்ய மொழி, ரஷ்யச் சாப்பாடு, ரஷ்ய நண்பர்கள் என்று வளர்ந்தவன் யாரைக் காதலிப்பான் என்று எதிர்பார்த்தார்கள்?

அந்த நர்ஸ் பெயர் காத்யா. கீவ் நகரில் வளர்ந்தவர். ரஷ்ய-ஜப்பான் போரில் நர்ஸாகப் போர்முனைக்குப் போய்த் திரும்பியவர். 1906ல் இருவருக்கும் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) கிரேக்க சர்ச்சில் கல்யாணம். யாருக்கும் சொல்லவில்லை. ஊர் திரும்பும் வழியில் மனைவியைச் சிங்கப்பூரில் விட்டுவிட்டு, இளவரசர் மட்டும் தனியாகப் பாங்காக் போனார். போனவர் உடனே வாயைத் திறக்கவும் இல்லை. குண்டு பாயும் இடத்துக்குப் போய் வந்த பெண்ணை ஊர் பேர் தெரியாத இடத்தில் உட்காரவைத்துவிட்டு, அப்பாவிடம் சொல்லத் தைரியமில்லாமல் நின்றவரைக் காதல் நாயகன் என்று கொண்டாட எனக்கு மனசு வரவில்லை.

விஷயம் தெரிந்ததும் அரசர் கொதித்துப்போனார். மருமகளைக் கடைசிவரை முறைப்படி ஏற்கவே இல்லை. மாமியார் ராணி சவோபாதான் 1908ல் பேரன் சூலா பிறந்ததும் இறங்கி வந்தார். அரசர் பேரனைப் பார்த்ததே 1910ல், தான் இறப்பதற்குச் சற்று முன்புதான். பார்த்துவிட்டு, என் ரத்தம்தானே, பார்க்க வெள்ளைக்காரப் பிள்ளை மாதிரியும் இல்லை என்று ராணிக்குச் சந்தோஷமாக எழுதினாராம்.

அதே ஆண்டு அண்ணன் வஜிராவுத் அரசரானார். அவருக்குப் பிள்ளை இல்லாததால் சக்ரபோங் அடுத்த வாரிசு. ராணுவத் தலைமைத் தளபதியாக அவர் செய்த வேலைகளைப் பற்றித்தான் நாம் அதிகம் பேச வேண்டும் என்பேன். 1912ல் மூன்று அதிகாரிகளை விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள பிரான்ஸுக்கு அனுப்பினார்கள். 1914ல் டான் முவாங் விமானத் தளம் வந்தது. இன்று பட்ஜெட் விமானத்தில் பாங்காக் போகிறவர்கள் இறங்குகிறார்களே, அதே டான் முவாங். தாய்லாந்து விமானப்படை இவரைத்தான் தன் தந்தை என்கிறது. முதல் உலகப்போரில் சயாம் 1,200க்கும் மேற்பட்ட வீரர்களை பிரான்ஸுக்கு அனுப்பியதும் இவர் காலத்தில்தான்.

காதல் கதை சொல்கிறவர்கள் சத்தமில்லாமல் தாண்டிப் போகிற இடம் ஒன்று உண்டு. சயாமில் அன்று பலதார மணம் சர்வசாதாரணம். சுலாலங்கோர்னுக்கே 77 பிள்ளைகள். காத்யாவோடு மட்டும் வாழ்ந்ததுதான் சக்ரபோங்கின் தனிச்சிறப்பு. 1918ல் காத்யா வெளிநாடு போய்த் திரும்பியபோது, கணவர் சவலித் என்ற இளவரசியிடம் மனதைப் பறிகொடுத்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு வயது 15. இரண்டாவது மனைவி என்ற பேச்சுக்கே இடமில்லை என்று காத்யா சொல்லிவிட்டார். 1919ல் விவாகரத்து. பிள்ளையை விட்டுவிட்டு ஷாங்காய்க்குப் போனார். சவலித்தைக் கட்டிக்கொள்ள அரசரும் அனுமதி தரவில்லை.

1920 ஜூன் 13, சிங்கப்பூர். சளிக்காய்ச்சல் நிமோனியாவாக முற்றி சக்ரபோங் இறந்தார். வயது 37. அடுத்த ஆறு ஆண்டுகளுக்குள் தம்பிகள் இருவர், அப்புறம் அண்ணன் வஜிராவுத்தும் போய்ச் சேர, கடைக்குட்டி பிரஜாதிபோக் அரசரானார். அதற்குள், 1924ல், வெளிநாட்டுப் பெண்ணைக் கட்டியவருக்கு அரியணை இல்லை என்று சட்டமே போட்டிருந்தார்கள்.

1935ல் பிரஜாதிபோக் முடி துறந்தார். சக்ரபோங்கின் மகன் சூலாவுக்கு அப்போது 26 வயது. அம்மா ரஷ்யர் என்பதால் அவரை ஓரங்கட்டிவிட்டு, சுவிட்சர்லாந்தில் படித்துக்கொண்டிருந்த சுலாலங்கோர்னின் இன்னொரு பேரன், 9 வயது ஆனந்த மகிதோலை அரசராக்கினார்கள். ஆனந்தாவின் அம்மாவும் அரச குலமில்லை, சாதாரணக் குடும்பத்துப் பெண். அவரும் நர்ஸுக்குப் படித்தவர்தான்.