"ஏய், இந்தாம்மா ஏய்"

"அவர் வெறும் சீரியல் நடிகர்தானே" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். உடனே நடிகர் மாரிமுத்து ஞாபகம்தான் வரும்.

2022-இல் சன் டிவியில் 'எதிர்நீச்சல்' சீரியல் தொடங்கியபோது எங்கள் வீட்டில் பெரியம்மா மட்டும்தான் பார்ப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து போன் நோண்டிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அதில் வில்லன் ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்து கையை நீட்டி "ஏய், இந்தாம்மா ஏய்" என்று ஒரு அதட்டுப் போட்டார். நான் தலை நிமிர்ந்து பார்த்தது பெரியப்பாவைத்தான். அதே குரல், அதே இழுவை. பெரியம்மா அவித்த கடலையை உரித்துக்கொண்டே, "நம்ம வீட்டை இந்த ஆளுக்கு யாருடி காட்டிக்கொடுத்தா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அந்த வில்லன் கத்தியைத் தூக்கவில்லை. படித்த மருமகள்களை அடுப்படியில் அடைத்தார், குடும்பச் சொத்தில் அப்பத்தாவின் 40 சதவீதப் பங்குக்காக மண்டையை உடைத்துக்கொண்டார், தம்பிகளைப் பேசியே ஆட்டிவைத்தார். அத்தனையையும் நியாயம் என்று நம்பிச் செய்கிற ஆளாகவே மாரிமுத்து வாழ்ந்து காட்டினார். அதனால்தான் பயமாக இருந்தது. அந்த வசனங்களுக்குக் கைதட்டிய ஆண்களும் உண்டு. அது எனக்குப் பெரிய வருத்தம்.

தேனி மாவட்டம் பசுமலைத்தேரியிலிருந்து இயக்குநராகும் கனவோடு சென்னைக்கு வந்தவர். வைரமுத்துவிடம் உதவியாளராக இருந்தார், ராஜ்கிரண், மணிரத்னம், வசந்த் என்று பலரிடம் வேலை பார்த்தார். அவர் இயக்கிய முதல் படம் 'கண்ணும் கண்ணும்' வந்தது 2008-இல். அடுத்த படமான 'புலிவால்' 2014-இல். நடுவே மிஷ்கினின் 'யுத்தம் செய்' அவரை நடிகராக்கியது. 'பரியேறும் பெருமாள்' கடைசிக் காட்சியில் நாயகி ஜோவின் அப்பாவாக, முகத்தில் குற்ற உணர்ச்சியோடு நாயகன் பரியனுக்கு எதிரில் நிற்பாரே, அந்த நடிப்பை நாம் எவ்வளவு கொண்டாடியிருக்க வேண்டும்! ஆனாலும் பெயர் சொன்னால் பலருக்கு முகம் தெரியாது. 50 வயதைத் தாண்டிய பிறகு ஒரு சீரியல் வந்துதான் அவர் முகத்தை வீடு வீடாகக் கொண்டுபோனது.

சீரியலில் ஜவ்வு மாதிரி இழுப்பார்கள், சரி, அது உண்மைதான். ஆனால் அந்த இழுவைக்குள் ஒரு பாத்திரத்தை நூற்றுக்கணக்கான நாள் சலிக்காமல் தூக்கி நிறுத்துவது லேசான வேலையா? சினிமாக்காரருக்கு இரண்டரை மணி நேரம். இவர் தினமும் வந்து, அதே ஆளாக, நேற்றைவிடக் கொஞ்சம் புதிதாக நிற்க வேண்டும். நடித்து முடித்தாலும் ஓய்வில்லை, டப்பிங் இருக்கிறது.

2023 ஆகஸ்ட் 10-இல் 'ஜெயிலர்' வந்தது, அதிலும் இருந்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 8 காலையில் அதே 'எதிர்நீச்சல்' டப்பிங்கின்போது உடம்பு முடியாமல் போய், மாரடைப்பில் இறந்துவிட்டார். முப்பது வருடம் காத்திருந்து கிடைத்த இடத்தில் அவர் இருந்தது ஒன்றரை வருடம்தான். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்றைக்குச் செய்தியைச் சொன்னபோது பெரியம்மா நம்பவே இல்லை. தினமும் "நாசமாப் போறவன்" என்று அவரைத் திட்டிய வாய். "ஐயோ, நான் சும்மாதானே திட்டினேன்" என்று அழுதார். பெரியப்பா எழுந்துபோய் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

அப்புறம் அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். அவரும் நல்ல நடிகர்தான். பெரியம்மா நாலு நாள் பார்த்தார். "இவரு வேற ஆளுடி" என்று சொல்லிவிட்டு, ஒன்பதரைக்கெல்லாம் படுக்கப் போக ஆரம்பித்தார்.