எலும்புச் சாறு கட்டவில்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு

முந்தாநாள் இரவு ஒரு தோழி படம் அனுப்பியிருந்தார். கண்ணாடி ஜாடியில் எலும்புச் சாறு, ஜாடியைச் சாய்த்துப் பிடித்து எடுத்த படம். சாறு தண்ணீராக ஒரு பக்கம் ஓடியிருந்தது. கீழே ஒரு வரி: “மூன்றாவது தடவையும் கட்டவில்லை. இனி என் குடல் ஆறவே ஆறாதா?”

அந்த வரியைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆறு வருடத்துக்கு முன் நானும் இதே கேள்வியோடு ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வயிற்று உப்புசம், வலி, ஒருநாள் மலச்சிக்கல், மறுநாள் பேதி என்று மாதக்கணக்கில் அவதிப்பட்டு, கடைசியில் குடலை ஆற்றும் உணவுமுறை ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த உணவுமுறைக்கு எலும்புச் சாறுதான் அஸ்திவாரம். ஜெல்லி போலக் கட்டினால்தான் அது மருந்து, கட்டாவிட்டால் வெறும் தண்ணீர் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அதனால் ஒவ்வொரு காலையும் ஜாடியைக் குலுக்கிப் பார்ப்பது, பரீட்சை முடிவு பார்ப்பதைப் போல ஆகிவிட்டது.

சாறு கட்டுவது சமையல் சங்கதி. குடல் ஆறுவது வேறு சங்கதி. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டு நோயாளி கையில் கொடுப்பது பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன். ஏற்கெனவே சோர்ந்து போயிருக்கும் ஒருவர், தன் சமையல் தவறால்தான் தனக்கு உடம்பு தேறவில்லை என்று நம்ப ஆரம்பித்துவிடுகிறார்.

சமையலை முதலில் பார்த்துவிடலாம். அது சுலபமாகச் சரியாகக்கூடியது.

கட்டுவது ஜெலட்டின். தோல், தசைநாண், குருத்தெலும்பு, எலும்பு எல்லாவற்றிலும் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. மூன்று இழைகளை முறுக்கிய கயிறு மாதிரி அதன் அமைப்பு. சூடான தண்ணீரில் நெடுநேரம் கிடந்தால் முறுக்கு அவிழ்ந்து இழைகள் தண்ணீரில் கரைகின்றன. ஆறும்போது அதே இழைகள் அங்கங்கே மறுபடி பின்னிக்கொண்டு வலை போலாகி, தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்கின்றன. 100 மில்லி சாற்றில் 2 கிராம் ஜெலட்டின் இருந்தால் போதும், ஃபிரிட்ஜில் நன்றாகவே கட்டிவிடும். உடம்புச் சூட்டுக்கே உருகிவிடும் என்பதால்தான் வாயில் வைத்ததும் கரைகிறது.

தோழியிடம் என்ன எலும்பு போட்டீர்கள் என்று கேட்டேன். ஒன்றரை கிலோ நல்லி எலும்பு, ஐந்து லிட்டர் தண்ணீர். எனக்கு உடனே புரிந்துவிட்டது. நல்லிக்குள் இருக்கும் மஜ்ஜை பெரும்பாலும் கொழுப்பு. வெளியே இருக்கும் கெட்டி எலும்பில் கொலாஜன் உண்டு, ஆனால் அது தாதுக்களுக்குள் இறுகிக் கிடக்கிறது, சீக்கிரம் வெளியே வராது. சுவைக்கு நல்லி நல்லது. கட்டுவதற்கு வேண்டியது மூட்டும் தோலும் தசைநாணும்தான். கோழிப் பாதம், இறக்கை நுனி, கழுத்து, ஆட்டுக்கால், மாட்டின் முழங்கால் மூட்டு, வால் இதெல்லாம் போட வேண்டும். ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும் என்றால் கோழிப் பாதத்தைச் சொல்வேன். அதில் சதை மிகக் குறைவு, பெரும்பாலும் தோலும் நாணும் குருத்தெலும்பும் எலும்பும்தான். ஒரு பானைக்கு ஏழெட்டுப் பாதம் சேர்த்தாலே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது தண்ணீர். கட்டாமல் போகும் சாறுகளில் முக்கால்வாசி தண்ணீர் கூடியதால்தான் என்பது என் அனுபவம். எலும்பு மூழ்கி ஒரு விரல் உயரம் நின்றால் போதும். கிலோவுக்கு ஒன்றரை லிட்டர், மிஞ்சினால் இரண்டு. கூடிவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. வடிகட்டிய பிறகு திறந்த பாத்திரத்தில் வைத்துப் பாதியாகச் சுண்ட விடுங்கள். தோழியின் ஐந்து லிட்டரில் இருந்த ஜெலட்டின் எங்கும் போய்விடவில்லை, நீர்த்துப்போய் இருந்தது, அவ்வளவுதான்.

நான் செய்கிற விதத்தையும் சொல்கிறேன். எலும்பை முதலில் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, எலும்பைக் கழுவுவேன். அழுக்கு நுரையும் கவிச்சு வாடையும் பெரும்பாலும் அதிலேயே போய்விடும். பிறகு புதுத் தண்ணீர் ஊற்றி, ஒரு கொதி வந்ததும் சிம்மில் வைப்பேன். ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி எழுந்தால் போதும். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு சாற்றோடு அடிபட்டுக் கலந்து கலங்கலாகிவிடும். கோழிக்கு நாலிலிருந்து ஆறு மணி நேரம், மாட்டு மூட்டுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை. இரண்டு நாள், மூன்று நாள் என்று அடுப்பில் போட்டு வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஜெலட்டின் இழைகள் அதிக நேரம் சூட்டில் கிடந்தால் துண்டு துண்டாக அறுந்துவிடும், அறுந்த இழை வலை பின்னாது. நன்றாகக் கட்டியிருக்க வேண்டிய சாற்றை நானே ஒருமுறை நாற்பது மணி நேரம் வைத்துக் கெடுத்திருக்கிறேன்.

குக்கரில் செய்யலாமா என்று கேட்பவர்கள் தாராளமாகச் செய்யலாம். சத்தெல்லாம் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். ஆனால் குக்கர் பிறந்ததே எலும்புக்காகத்தான். டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679இல் லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டிய இறுக்கமூடிப் பாத்திரம், எலும்பை மெத்தென்று ஆக்குவதற்கென்றே செய்யப்பட்டது. கோழி என்றால் குக்கரில் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் போதும். தண்ணீர் ஆவியாகிக் குறையாது என்பதால் முதலிலேயே அளவாக ஊற்ற வேண்டும், அவ்வளவுதான்.

சரி, இப்படியெல்லாம் செய்து சாறு கட்டிவிட்டது. அந்தக் கட்டு நமக்கு என்ன சொல்கிறது?

அதில் ஜெலட்டின் நிறைய இருக்கிறது என்று சொல்கிறது. வேறெதையும் சொல்லவில்லை. நன்றாகக் கட்டிய சாறு ஒரு டம்ளரில் நாலைந்து கிராம் ஜெலட்டின் இருக்கும். கிளைசின், புரோலின் போன்ற அமினோ அமிலங்கள் அதில் மிகுதி. ஆனால் டிரிப்டோஃபேன் என்ற ஒன்று அறவே கிடையாது. உடம்பு தானே செய்துகொள்ள முடியாத அமினோ அமிலம் அது. இதன் விளைவை ஐரோப்பா ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் மருத்துவமனைகளில் ஏழைகளுக்கு எலும்பு ஜெலட்டின் சூப் கொடுத்தால் இறைச்சிச் செலவை மிச்சப்படுத்தலாம் என்று பெரிய நம்பிக்கை இருந்தது. மஜாந்தி என்ற உடலியல் அறிஞர் தலைமையில் பாரிஸ் அறிவியல் கழகம் ஒரு குழு அமைத்துச் சோதித்தது. ஜெலட்டினை மட்டும் கொடுத்து வளர்த்த நாய்கள் பிழைக்கவில்லை. 1841இல் அந்த அறிக்கை வந்தது. வாரக்கணக்கில் சாற்றை மட்டுமே குடித்துக் கிடக்கும் ஒருவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது. சாறு சாப்பாட்டோடு சேர வேண்டியது. சாப்பாட்டின் இடத்தில் அதை வைத்தால் உடம்பு தேயும்.

கால்சியம் கொட்டிக் கிடக்கிறது என்பதும் அப்படித்தான். 1934இல் இங்கிலாந்தில் மெக்கான்ஸ், ஷெல்டன், விட்டோசன் மூவரும் எலும்புச் சாற்றை அளந்து பார்த்தார்கள். பாலோடு ஒப்பிட்டால் கால்சியம் மிகக் குறைவு. வினிகர் ஊற்றுவதில் தவறில்லை, ஒரு கரண்டி நானும் ஊற்றுகிறேன். அதனால் எலும்பில் உள்ள சுண்ணாம்பெல்லாம் சாற்றுக்கு வந்துவிடும் என்று மட்டும் எண்ண வேண்டாம். இன்னொன்று: 2013இல் வந்த ஒரு சிறிய ஆய்வில் கோழிச் சாற்றில் லிட்டருக்கு 7 முதல் 9.5 மைக்ரோகிராம் வரை ஈயம் இருந்தது, அதே முறையில் காய்ச்சிய வெறும் தண்ணீரில் 0.89. பயந்து நிறுத்தும் அளவு இல்லை. நாளுக்கு ஒரு டம்ளர், இரண்டு டம்ளர் போதும், ஒன்றரை லிட்டர் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

குடல் விஷயத்துக்கு வருகிறேன். குடல் சுவரின் செல்களுக்கு இடையே உள்ள இணைப்புகள் தளர்வது உண்மையாகவே நடக்கிறது. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயிலும், குடலில் அழற்சி உண்டாக்கும் கிரோன் நோயிலும் அதை அளந்திருக்கிறார்கள். ஆனால் ‘ஓட்டைக் குடல்’ என்று தனியாக ஒரு நோயை மருத்துவம் ஏற்றுக்கொள்ளவில்லை. சாற்றில் இருக்கும் குளுட்டமின் குடல் சுவரைக் கட்டும் என்பார்கள். குடல் செல்களுக்குக் குளுட்டமின் எரிபொருள்தான், மறுக்கவில்லை. கிருமித்தொற்றுக்குப் பிறகு வந்த எரிச்சல் குடல் நோயில், குளுட்டமின் பொடி பலன் தந்ததாக முறையான ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் கொடுத்த அளவு நாளுக்கு 15 கிராம், எட்டு வாரம். நம் டம்ளர் சாற்றில் உள்ள ஜெலட்டின் மொத்தமே நாலைந்து கிராம். அதில் குளுட்டமினும் அதன் உறவான குளுட்டமிக் அமிலமும் சேர்ந்தே பத்தில் ஒரு பங்குதான். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

அப்படியானால் சாறு குடித்தால் வயிறு இதமாக இருக்கிறதே, அது பொய்யா? இல்லவே இல்லை. சூடாக, மென்மையாக, உப்போடு, புரதத்தோடு, நார் இல்லாமல் ஒன்று உள்ளே போகிறது. எதைச் சாப்பிட்டாலும் வலிக்கிற நாளில் அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். அந்த ஆறுதலுக்காகவே இன்றும் காய்ச்சுகிறேன்.

ஆனால் சாறு குடித்த பிறகு வயிறு இன்னும் மோசமாகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் “நச்சு வெளியேறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. பெரும்பாலும் காரணம் பானைக்குள்ளேயே இருக்கும். வெங்காயம், பூண்டு இரண்டிலும் ஃபிரக்டான் என்ற சர்க்கரைத் தொடர் உண்டு. எரிச்சல் குடல் உள்ள பலருக்கு அது ஆகாது. அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே முழு வெங்காயத்தைப் போட்டுக் கடைசியில் எடுத்து வீசினாலும் பலனில்லை, ஃபிரக்டான் சாற்றில் இறங்கிவிட்டது. வாசம் வேண்டுமென்றால் பூண்டை எண்ணெயில் வதக்கி, பூண்டை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயை மட்டும் குடிக்கும்போது ஒரு சொட்டு விடலாம். இன்னும் சிலருக்கு உணவில் சேரும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் ஒத்துக்கொள்ளாது. முகம் சிவப்பது, தலைவலி, படபடப்பு என்று வரும். நெடுநேரம் காய்ச்சிய சாறும், நாள்பட வைத்த சாறும் அவர்களுக்குத் தொல்லை. குடலை ஆற்றுவதாகச் சொல்லும் கேப்ஸ் (GAPS) என்ற உணவுமுறையிலேயே தொடக்கத்தில் குடிக்கச் சொல்வது குறைந்த நேரம் வெந்த இறைச்சிச் சாற்றைத்தான்.

என் கதைக்கு வருகிறேன், இதைத்தான் எழுத நினைத்தேன். அந்த உணவுமுறையில் சாறு சேர்வது மட்டுமல்ல, தானியங்கள் எல்லாம் நின்றுவிடும். நான் கோதுமையை நிறுத்தி நாலு மாதம் இருந்தேன். கொஞ்சம் தேறினேன். சாறுதான் தேற்றியது என்று முழுமனதாக நம்பினேன். பழைய சாப்பாட்டுக்குத் திரும்ப முயன்றபோதெல்லாம் மறுபடி படுத்தது. சாறு சரியாகக் கட்டாததுதான் காரணம் என்று நினைத்து இன்னும் எலும்பு வாங்கினேன். கடைசியில் ரத்தசோகை வந்து மருத்துவரிடம் போனபோது அவருக்குச் சீலியாக் மேல் சந்தேகம் வந்தது. ஆனால் குளூட்டனை நிறுத்தியிருக்கும்போது எடுக்கும் ரத்தப் பரிசோதனையை நம்ப முடியாது, நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டலாம். மறுபடி ஆறு வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். என் வாழ்க்கையில் அந்த ஆறு வாரம் போல ஒரு காலத்தை நான் பட்டதில்லை. முடிவில் சீலியாக் என்று உறுதியானது. என் குடலைத் தேற்றியது கோதுமையை விட்டதுதான். பாராட்டெல்லாம் சாற்றுக்குப் போயிருந்தது.

எனக்கு உணவுமுறை சொல்லித் தந்தவர்களில் ஒருவர்கூட முதலில் பரிசோதனை எடு, பிறகு தானியத்தை நிறுத்து என்று சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன். மாதக்கணக்கில் வயிறு தொல்லை கொடுத்தால், எதையும் நிறுத்துவதற்கு முன்னால் சீலியாக் பரிசோதனை எடுத்துவிடுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது பேதி, இவற்றில் ஏதாவது இருந்தால் பானையை அடுப்பில் ஏற்றுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் சாறு குடிக்கலாமா, எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே தொடங்க வேண்டும்.

ஆற வைப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. பெரிய பானையை அப்படியே மேடையில் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். கொதித்தாலும் சாகாத கிருமி வித்துகள் உண்டு, குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் அதில் ஒன்று. மெதுவாக ஆறும் இறைச்சிச் சாறு அதற்குப் பிடித்தமான இடம். பலவீனமான வயிற்றுக்கு அதுவும் சேர வேண்டாம். வடிகட்டிச் சின்னச் சின்னப் பாத்திரங்களில் பிரித்து, குளிர்ந்த தண்ணீர் நிறைந்த தொட்டியில் வைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் சூடு தணிந்துவிடும். உடனே ஃபிரிட்ஜ். மூன்று நாலு நாளைக்கு மேல் வேண்டுமென்றால் ஃப்ரீசர். எடுத்ததைக் கொதிக்கவிட்டுக் குடியுங்கள், மிச்சத்தை மறுபடி மறுபடி சூடு பண்ண வேண்டாம்.

நேற்று மாலை தோழி மறுபடி எழுதியிருந்தார். அந்த ஐந்து லிட்டரையும் சுண்ட வைத்து ஒன்றரை லிட்டராக்கினாராம், காலையில் மெலிதாகக் கட்டியிருந்ததாம். ரத்தப் பரிசோதனைக்கு நாள் குறித்துவிட்டார். அதுவரை கோதுமையை நிறுத்தப் போவதில்லை.