அணை பெரிதானால் மட்டும் போதாது
மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள மெங்குவாங் அணையை விரிவாக்கியாயிற்று, பினாங்குக்கு இனி தண்ணீர்க் கவலையே இல்லை என்று ஒரு கட்டுரை அடித்துச் சொல்கிறது. அதுதான் இடிக்கிறது. அணை உண்டியல் மாதிரி, போட்டால்தான் இருக்கும். மழைநீர் தானாக வடிந்து மெங்குவாங்கிற்கு வந்து சேரும் நிலப்பரப்பு மிகச் சிறியது. ஆற்றில் தண்ணீர் மிஞ்சும் மாதங்களில் பம்பு வைத்து ஏற்றித்தான் நிரப்ப வேண்டும். பினாங்கின் குழாய்நீரில் பெரும்பங்கு மூடா ஆற்றிலிருந்து வருவது, அந்த ஆறோ பக்கத்து மாநிலமான கெடாவின் உலு மூடா காட்டில் பிறப்பது. அங்கே மரம் வெட்டினால் கோடையில் ஆறு இளைக்கும், மழையில் சேறாக வரும். சரி, அணை நிரம்பியே இருந்தாலும் அதன் கொள்ளளவு சுமார் 8,640 கோடி லிட்டர். மாநிலத்தின் ஒரு நாள் தண்ணீர்ச் செலவு 80 கோடி லிட்டருக்கு மேல். கணக்குப் போட்டால் நூறு நாள் சொச்சம். அதிலும் கடைசிச் சொட்டு வரை எடுக்க முடியாது. அடியாழத்தில் ஆக்சிஜன் குறைந்து, வண்டலிலிருந்து இரும்பும் மாங்கனீசும் கரைந்து வரும். அதை அப்படியே அனுப்பினால் குழாயில் பழுப்புத் தண்ணீர்தான். அதனால்தான் நீரெடுப்புக் கோபுரத்தில் பல மட்டங்களில் நீர் எடுக்கும் திறப்புகள் வைக்கிறார்கள். ஆவியாதல் வேறு: ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் தினம் 4 மில்லிமீட்டர் போனாலே 40 லட்சம் லிட்டர் காலி. "இன்னொரு அணை கட்டலாமே" என்று சிலர் கேட்கலாம். கட்டலாம், ஆனால் 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றியபோது மாநிலத்தின் பெரும்பகுதியில் குழாய் காய்ந்ததே, அதற்கு அணையில் தண்ணீர் இல்லாதது காரணமில்லை. அந்த ஒரே நிலையத்தை இவ்வளவு பேர் நம்பியிருக்கும்வரை, முதல் காசு இரண்டாவது பெருங்குழாய்க்கும் மாற்று வால்வுக்கும்தான் போக வேண்டும்.