நெட்ல மட்டும் அடிச்சுடாதே

பள்ளியில் படித்தபோது ஒரு வாலிபால் போட்டி. கடைசி செட், 13-14 என்று பின்தங்கியிருக்கிறோம். சர்வீஸ் என் கையில். "நெட்ல மட்டும் அடிச்சுடாதே!" என்று வெளியிலிருந்து எங்கள் கோச் கத்தினார். அதுவரை நெட்டைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அப்புறம் நெட்டைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. பந்து அதில்தான் போய் விழுந்தது. ஊர் திரும்பும்வரை பஸ்ஸில் "உனக்கு மனதைரியம் பத்தாது" என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.

பல வருடங்கள் அதை நம்பவும் செய்தேன். இப்போது சாயங்காலங்களில் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லித் தருகிறேன். சர்வீஸைப் பழக்குவதுபோல் பதற்றத்தைச் சமாளிக்கவும் பழக்கத்தான் வேண்டும். அதைச் சொல்லித் தராமல் விட்டுவிட்டு, தோற்ற பிள்ளையைத் திட்டுவது அநியாயம்.

2024 நவம்பரில் சிங்கப்பூரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். உலக செஸ் சாம்பியன் பட்டத்துக்கான முதல் ஆட்டத்திலேயே, வெள்ளைக் காய்களோடு ஆடியும் டிங் லிரெனிடம் தோற்றார் நம் சென்னைப் பையன் குகேஷ். வயது 18. அப்போது ஆனந்த் அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: எனக்கு 11 ஆட்டம்தான் மிச்சம் இருந்தது, உனக்கு 13 இருக்கிறது. 2010-இல் சோஃபியாவில் டோபலோவிடம் முதல் ஆட்டத்தைத் தோற்று, கடைசியான 12-வது ஆட்டத்தில் ஜெயித்துப் பட்டத்தைக் காப்பாற்றியவர் ஆனந்த். அறிவுரையே கிடையாது, ஒரு சின்னக் கணக்கு. பையன் பிடித்துக்கொள்ள அது போதும். குகேஷ் மூன்றாவது ஆட்டத்தில் சமன் செய்தார். 12-வதில் மறுபடி தோற்றார். 14-வதில், கறுப்புக் காய்களோடு ஜெயித்து உலக சாம்பியன் ஆனார்.

அந்தப் போட்டிக்காக அவரைத் தயார்செய்தவர்களில் பேடி அப்டனும் ஒருவர். 2011 உலகக் கோப்பையை வென்ற இந்திய கிரிக்கெட் அணிக்கு மனப்பயிற்சி கொடுத்தவர். குகேஷுக்கே அப்படி ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மட்டும் "தைரியமா ஆடு" என்ற ஒரு வார்த்தை எப்படிப் போதும்?

எங்கள் மைதானத்தில் இதற்கென்று காசு எதுவும் செலவாகவில்லை. பயிற்சி முடியும் நேரத்தில் ஸ்கோரை 13-14 என்று வைத்து ஆடச் சொல்வேன். மற்ற பிள்ளைகள் சுற்றி நின்று கத்துவார்கள். விசில் அடித்ததும் சர்வீஸ் போட 8 விநாடி இருக்கிறது. இரண்டு தட்டு தட்டு, மூச்சை நீளமாக விடு, பந்து விழ வேண்டிய இடத்தைப் பார், அடி. எதைச் செய்யக் கூடாது என்று அந்த நேரத்தில் நான் வாயே திறப்பதில்லை. முதல் வாரம் பாதிப் பந்து நெட்டில்தான் விழும். விழட்டும், அதற்குத்தானே பயிற்சி.

"நாங்களெல்லாம் திட்டு வாங்கித்தான் முன்னுக்கு வந்தோம்" என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். வந்தவர்கள் சொல்கிறார்கள், சரி. எங்கள் டீமில் என்னைவிட நன்றாக ஆடிய இரண்டு பேர் பத்தாம் வகுப்புக்கு அப்புறம் பந்தைத் தொடவே இல்லை. அவர்களைக் கேட்க யாரும் போகவில்லை.